கண்ணாடிப் பெட்டியில் எங்கள் வேலி ஓணான்

ஜனவரியில், வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும்போது, ட்ராமுக்குள் சுவர்க்கோழி கத்தினால் எல்லோரும் திரும்பித்தான் பார்ப்பார்கள். கத்தியது என் மடியில் இருந்த துணிப்பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பா நிறைய சுவர்க்கோழிகள். ஊரில் சுவர் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு தூக்கத்தைக் கெடுக்குமே, அதே ஜாதிப் பூச்சிதான். இங்கே அதைக் கடையில், நாய் பிஸ்கட்டுக்குப் பக்கத்து அலமாரியில், சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு வாரியாக அடுக்கி விற்கிறார்கள். எதிர் சீட்டில் இருந்த வயதான அம்மா என் பக்கம் குனிந்து, "உங்கள் போன் அடிக்கிறதா?" என்று கேட்டார். என் ஜெர்மன் அப்போது மருந்து வார்த்தைகளிலும் சாப்பாட்டு வார்த்தைகளிலும்தான் ஓரளவு ஓடும். "இல்லை, எஸ்ஸன்" என்றேன். எஸ்ஸன் என்றால் சாப்பாடு. அவர் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையாட்டி, "கூட்டன் அப்பெடீட்" என்று வாழ்த்திவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். சாப்பாடு எனக்கில்லை, என் பல்லிக்கு என்று சொல்ல வாய் திறப்பதற்குள் கதவு மூடிவிட்டது. சொல்லியிருந்தாலும் நிலைமை எவ்வளவு தேறியிருக்கும் என்று தெரியவில்லை.

ஆமாம், நான் பல்லி வளர்க்கிறேன். ஊரில் இதைப் படிக்கப்போகும் என் நாத்தனார் இந்த இடத்தில் தலையில் கை வைத்துக்கொள்வார் என்பதும் தெரியும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. நான் நர்ஸ். ஜெர்மனியின் கிழக்கு மூலையில் ஒரு சிறிய நகரத்தில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து வந்தேன். என் கணவர் குமரேசன் எங்கள் ஊர்த் தேயிலை பேக்டரியில், இலை வாட்டும் மாடியில் வேலை பார்க்கிறார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதனால் நான் போய் வருவது சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். போனது சுலபமாகத்தான் இருந்தது.

பல்லி என் வீட்டுக்கு வந்தது ஒரு தப்பான புரிதலால். கூட வேலை பார்க்கும் காட்ரின் ஒரு மதியம் கேன்டீனில், "எனக்கு முட்டி ஆபரேஷன். மூன்று வாரம் கோகோஸைப் பார்த்துக்கொள்வாயா?" என்று கேட்டாள். இங்கே தேங்காய்க்குக் கோகோஸ் என்று பெயர். ஜன்னல் ஓரம் தொட்டியில் தென்னங்கன்று வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, ஊர்ப் பாசத்தில் உடனே சரி என்றேன். "எவ்வளவு தண்ணீர் விடணும்?" என்றேன். "காலையும் சாயங்காலமும் ஸ்ப்ரே அடித்தால் போதும்" என்றாள். "வெயில்?" "வேண்டவே வேண்டாம். சூடு ஆகாது." பேச்சு இவ்வளவு பொருத்தமாகப் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? சனிக்கிழமை அவளுடைய அண்ணன் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பாசி, மரப்பட்டை, தேங்காய் நார். நாருக்கு மேல், கண்ணுக்கு மேலே முள் முள்ளாய் இமை வைத்த ஒரு பழுப்புப் பல்லி. நான் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டேன். அவர் தன் நாக்கைத் தொட்டுக் காட்டி, இது கடிக்காது, தன் கண்ணைத் தானே நக்கிக்கொள்ளும், அவ்வளவுதான் என்று விளக்கிவிட்டுப் போய்விட்டார்.

முதல் வாரம் ஒரு துண்டை அந்தப் பெட்டி மேல் போட்டு மூடி வைத்தேன். இரண்டாம் வாரம் துண்டை எடுத்துவிட்டேன். வேலை முடிந்து வந்து அறைக் கதவைத் திறந்ததும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு ஜீவன் என் பக்கம் தலையைத் திருப்பும். அதற்கு முன் அந்த அறையில் எதுவும் என் பக்கம் திரும்பியதில்லை. ஆபரேஷன் முடிந்து காட்ரின் கோகோஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனபோது என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த மாதமே, தன்னிடம் பொரித்த குட்டி ஒன்றையும், கூடவே ஒரு டப்பாவில் ஆஸல்களையும் கொண்டுவந்து கொடுத்தாள். ஆஸல் என்பது தொட்டால் உருண்டையாகிவிடும் சின்னப் பூச்சி. பெட்டியின் அடியில் கிடந்து காய்ந்த இலையையும் பல்லியின் கழிவையும் தின்று துப்புரவாக வைத்துக்கொள்ளும். அப்புறம் குச்சிப்பூச்சிகள் வந்தன. காற்றில் ஆடும் குச்சி மாதிரி ஆடிக்கொண்டே பிளாக்பெர்ரி முள்செடியின் இலை தின்னும். அலமாரி மேல் மூன்று பெட்டிகள் ஆயின. பாசி வாடக் கூடாது, மூடுபனி மாதிரி ஈரம் நிற்க வேண்டும் என்று தினமும் இரண்டு வேளை பாட்டிலால் தண்ணீர் அடிப்பேன். எங்கள் ஊரில் மூடுபனி கேட்காமலே வாசல் வழியாக உள்ளே வரும். அரிசி டப்பாவில் பூஞ்சை பிடிக்கும், துவைத்த துணி நாலு நாளானாலும் காயாமல் நாறும். அதை விரட்ட அவ்வளவு பாடுபட்டவள், இங்கே காசு கொடுத்து பாட்டில் வாங்கி அதே ஈரத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் என் கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் போன் பேச்சு அப்போது தேய்ந்துபோயிருந்தது. "சாப்டியா?" "சாப்டேனுங்க." "குளுரா?" "ஆமாங்க." "செரி, வெச்சர்றேன்." அவர் இங்கே வருவதற்கு ஜெர்மன் மொழியில் அடிப்படைப் பரீட்சை ஒன்று தேற வேண்டும். கோயமுத்தூருக்குப் போய் எழுதினார், தேறவில்லை. மறுபடியும் எழுதினார், மறுபடியும் தேறவில்லை. அந்த இரண்டாம் தடவை முடிவு வந்த அன்று போனில், "எனக்கு இனி மண்டையில ஏறாது. நீ அங்கயே இருந்துக்க. நான் இங்கயே இருந்துக்கறேன். அவ்வளவுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். பேக்டரியில் இன்றைக்கு லீவு என்று சொல்வது மாதிரி சொன்னார். இதைப் படிக்கும் நர்ஸ் தோழிகள் சிலருக்கு அந்தக் குரல் தெரிந்திருக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் அறைக்குள்ளேயே கிடக்கிறேன் என்று காட்ரின் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன இடம், வளர்ப்புப் பூச்சிகளும் பல்லிகளும் விற்கும் ஒரு சந்தை. விளையாட்டு அரங்கம் முழுக்க மேஜைகள். மேஜை மேலெல்லாம் வரிசையாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளங்கை அகலச் சிலந்தி, கும்பிடுபூச்சி, உள்ளங்கையில் அடங்காத நத்தை, நீலமும் ஆரஞ்சுமாய் ஆஸல்கள். குடும்பம் குடும்பமாக, கையில் காபியோடு குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள். உழவர் சந்தையில் காரட்டைப் பார்ப்பது போல நானும் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையில் ஒரு டப்பா. உள்ளே இரண்டு ஓணான்கள். ஒன்று பச்சை, முதுகில் சீப்பு மாதிரி முள். இன்னொன்று மண் நிறம். எனக்குக் கால் நின்றுவிட்டது. வாடாமல்லிச் செடியை லண்டனில் பார்ப்பது மாதிரி இல்லை இது. எங்கள் ஓணான். எங்கள் வீட்டுக்குப் பின்னால், முள்செடியும் காட்டு ரோஜாவும் தேயிலையும் பின்னிக் கிடக்கும் வேலியில், வெயில் வந்தால் முதலில் வந்து உட்கார்ந்துகொள்வது. ஜூலை மழையில் எப்போதாவது ஒரு மணி நேரம் வெயில் அடிக்கும். ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுவேன். வெயில் படும் இடத்தில் இது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். சேலையை உதறினால் தலையை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு உள்ளே போகும். எங்கள் மலையை விட்டால் இந்த ஓணான் உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது, அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது மட்டும்தான்.

"இது என் வேலியில் இருப்பது" என்று விற்பவரிடம் சொன்னேன். என் ஜெர்மன் அவருக்கு வேறு மாதிரி விழுந்திருக்கிறது. "வேலியிலா? இல்லை இல்லை, வெளியே விடக் கூடாது. இதற்கு உயரமான கண்ணாடிப் பெட்டி வேணும்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியின் அளவைக் கையால் காட்டினார். நான் மறுபடி சொன்னேன். அவர் மறுபடி அளவைக் காட்டினார். காட்ரினிடம் திரும்பி, பாதி ஜெர்மனிலும் பாதி ஆங்கிலத்திலும், கடைசியில் என்னையறியாமல் தமிழிலும் கொட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோய், இவை எங்கே பிறந்தவை, கொண்டுவந்ததற்கு அனுமதிக் காகிதம் எங்கே என்று அவரிடம் கேட்டாள். அவருடைய சிரிப்பு நின்றது. காகிதம் வீட்டில் இருக்கிறது என்றார். சந்தையைப் பார்வையிட வந்திருந்த கால்நடை மருத்துவரைக் காட்ரின் கூட்டி வந்தாள். அதற்கப்புறம் நடந்த பேச்சு எனக்குப் புரியாத வேகத்தில் நடந்தது. கடைசியில் அந்த டப்பாவை மருத்துவர் பறிமுதல் செய்து எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது காட்ரினிடம் கேட்டேன், "என் பல்லி?" அவள் என் கேள்வியைப் புரிந்துகொண்டாள். அதன் தாத்தாவுக்குத் தாத்தாவும் ஜெர்மனியில் பொரித்ததுதான், தன் வீட்டுச் சமையலறையில் அது முட்டையை உடைத்து வந்ததைத் தான் பார்த்ததாகவும் சொன்னாள். "அது இந்த ஊர்க்காரன்" என்றாள். எனக்கு மனசு முழுதாக ஆறவில்லை. ஆனால் அன்று சாயங்காலமும் ஸ்ப்ரே அடித்தேன்.

நகரத்துக்கு வெளியே, கைவிட்ட ஆமைகளையும் பாம்புகளையும் வைத்துப் பராமரிக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. ஓணான்கள் அங்கே போயின. பச்சை ஓணான் அந்த வாரமே செத்துப்போனது. மற்றது பெண், எதையும் தொடவில்லை. அங்கிருந்த மருத்துவர் காட்ரின் மூலமாக என்னை வரச் சொன்னார். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "ஊட்டி" என்று என் பக்கத்து ஊரைச் சொன்னேன். அவர் ஆச்சரியமாகச் சிரித்து, "என் அம்மா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்" என்றார். அவர் பெயர் ஊட்டா. செல்லப்பெயர் ஊட்டி. அதோடு எங்களுக்குள் இருந்த பயம் போனது. பிறகு அவர் கேள்விகள் கேட்டார். ராத்திரி எங்கே தூங்கும்? வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கும்? எதைத் தின்னப் பார்த்திருக்கிறாய்? மழையில் என்ன செய்யும்? பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருந்த ஒன்று. துணி காயப்போடும்போது உதறி விரட்டியதைத் தவிர எனக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியவில்லை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

வீட்டில் யாரிடம் கேட்பது? என் கணவரிடம்தான். மறுநாள் காலையில், அவருக்கு அங்கே மதியம், போன் போட்டேன்.

"ஏனுங்க, பின்னால வேலில ஓணான் இருக்குதுங்களா?"

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஜெர்மனியில இருந்து போன் போட்டு ஓணான் இருக்குதான்னு கேக்கற. ஒடம்புக்கு ஏதாச்சும் ஆச்சா புள்ள?"

எல்லாவற்றையும் சொன்னேன். பல்லி, ஆஸல், சந்தை, பச்சை ஓணான் செத்தது வரை. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். செருப்பு மாட்டும் சத்தமும், பின்கதவுத் தாழ் விழும் சத்தமும் கேட்டன. "இரு, பாக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஓணான் பார்க்க ஆரம்பித்தார். ஷிப்டுக்குப் போகும் முன் டீ டம்ளரோடு வேலி ஓரம் நிற்பார். எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். "காலைல வெறச்சுப் போய்க் கெடக்குது. கையில எடுத்தாக்கூட ஓடாது. வெயில் வந்ததும் ஒடம்பத் தட்டையாக்கிட்டு சைடு காட்டி ஒக்காருது." "மேகம் எறங்குனதும் உள்ள போயிருச்சு." "எலையில நிக்கற தண்ணிய நக்குது புள்ள, தரையில ஊத்துனா பாக்கறதே இல்ல." இலை வாட்டும் மாடியில் வைக்கும் வெப்பமானி ஒன்றைப் பேக்டரியில் கேட்டு வாங்கி வேலியில் கட்டினார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்காரர்கள், "குமரேசன் ஓணானுக்குக் காவல் போட்டிருக்காப்ல" என்று சிரித்தார்களாம். நான் அதையெல்லாம் ஊட்டாவிடம் கொண்டுபோய்ச் சொல்வேன். பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ராத்திரிக் குளிரையும் பகல் விளக்கையும் அவர் முதல் நாளே சரியாக வைத்திருந்தார். இலையில் துளி நிற்கும்படி மேலிருந்து தண்ணீர் விழ ஒரு குழாயை மட்டும் மாற்றினார். பூச்சியையும் மாற்றினார். மருந்தும் கொடுத்தார். ஒரு வியாழக்கிழமை அது ஒரு ஈயைப் பிடித்துத் தின்றது. எது பலித்தது என்று ஊட்டாவுக்கும் தெரியவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டிலும் ஏதோ மாறியிருந்தது. "சாப்டியா" என்று ஆரம்பித்த பேச்சு அதோடு நிற்கவில்லை. ஓணானில் தொடங்கி பேக்டரி, அங்கிருந்து காரட் விலை, அங்கிருந்து அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் சலிப்பு என்று நீளும். தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் அதுவரை எனக்குச் சொன்னதே இல்லை. நானும் சொன்னதில்லை. ஒரு நாள் கேட்டார், "ஓணானுக்கு அந்த ஊர்ல என்ன பேரு?" "அய்டெக்ஸே" என்றேன். "தூங்குதுன்னா?" "ஷ்லேஃப்ட்." சாயங்காலம் மெசேஜ் வந்தது. தயங்கித் தயங்கி, ஆனால் முழு வாக்கியமாக: "டீ அய்டெக்ஸே ஷ்லேஃப்ட்." ஓணான் தூங்குகிறது. பரீட்சைக்காகப் போன மூன்று மாத வகுப்பில் ஏறாதது வேலி ஓரத்தில் ஏற ஆரம்பித்தது. மழைக்கு, வெயிலுக்கு, இலைக்கு, பசிக்கு என்று தினம் ஒரு வார்த்தை கேட்டார். மூன்றாம் தடவை பரீட்சைக்குப் போகிறேன் என்று அவராகவே சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பரீட்சையில் நேரில் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேச வேண்டும். பெயர், ஊர், வேலை, கடைசியில் பொழுதுபோக்கு. மற்றவர்கள் எல்லோரும் கிரிக்கெட், சமையல், பாட்டு என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு தடவை இவரும் கிரிக்கெட் என்று ஆரம்பித்துத் திக்கி நின்றுவிட்டவர்தான். இந்தத் தடவை, "நான் ஓணான் பார்க்கிறேன்" என்றாராம். கேள்வி கேட்ட அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கே, எப்போது, அது என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டே போக, இவர் சொல்லிக்கொண்டே போக, நேரம் முடிந்துவிட்டது. தேறிவிட்டார். முடிவு வந்த அன்று எனக்கு வந்த மெசேஜில் வார்த்தையே இல்லை, வேலியில் உட்கார்ந்திருந்த ஓணானின் போட்டோ மட்டும்தான்.

அக்டோபரில் வந்தார். ஊரில் வீட்டை விற்கவில்லை, பூட்டவும் இல்லை. நாத்தனார் குடும்பம் இருக்கிறது. ஒரு வருஷம் பார்ப்போம் என்றுதான் பேச்சு. பேக்டரியிலும் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லாமல் லீவு என்றுதான் சொல்லியிருக்கிறார். வந்த முதல் ஞாயிறு காலை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண் ஓணான் கோடையில் நான்கு முட்டை இட்டு, அவற்றில் மூன்று பொரித்திருந்தன. ஊட்டா கண்ணாடிப் பெட்டியைக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். என் கணவர் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துத் தேடினார். நானும் தேடினேன். இருவரும் ஒரு குச்சியை ஓணான் என்று நினைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதற்குப் பக்கத்துக் குச்சி அசைந்தது. விரல் நீளம்கூட இல்லாத குட்டி, விளக்குக்கு ஒரு பக்கத்தைக் காட்டித் தட்டையாக உட்கார்ந்திருந்தது.

"அப்படியேதான் ஒக்காருது பாரு" என்றார் மெதுவாக. குட்டியை விட்டுக் கண்ணெடுக்காமல், "இவன் நம்மூர் வெயிலப் பாத்ததே இல்ல. இவனுக்கு இதான் ஊரு" என்றார்.

"இவங்கம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். அம்மா ஓணான் மேல் கிளையில், கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. கழுத்துக்குக் கீழே மூச்சு விடுவது தெரிந்தது. நன்றாக உடம்பு தேறியிருந்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெயில் இருந்தது. வெயில் என்று இங்கே சொல்வார்கள், மங்கலான மஞ்சள் வெளிச்சம். அவர் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "நம்மூரு எந்தப் பக்கம்?" என்றார். போனில் திசை பார்த்து, சூப்பர் மார்க்கெட் கூரைக்கு மேலே கையைக் காட்டினேன். சூரியனும் அந்தப் பக்கம்தான் நின்றது. அவர் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முதுகைத் திருப்பி நின்றுகொண்டு, எங்கள் பஸ் வரும் ரோட்டைப் பார்த்தார்.

"இப்படி நில்லு புள்ள" என்று என் தோளையும் திருப்பினார். "முதுகு காயட்டும்."